குளிர்நீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்ததா? மருத்துவமனை ஐஸ் சொல்லும் பாடம்

சென்ற கோடையில் என் தாய்மாமாவைப் பார்க்க மணியாச்சியிலிருந்து ரயில் ஏறினேன். தென்மாவட்டத்து நகரம் ஒன்றில் உள்ள பெரிய மருத்துவமனையில் அவருக்குக் கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மருந்தின் கடுமையால் வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மருந்து ஏறும் நேரத்தில் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கி வைத்திருந்தால் புண் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

வராந்தாவின் கடைசியில் ஐஸ் இயந்திரம் இருந்தது. மூடி திறந்தே கிடந்தது. ஐஸ் அள்ளும் கரண்டி ஐஸுக்குள்ளேயே புதைந்து கிடக்க, எனக்கு முன்னால் நின்றவர் கையை விட்டு அள்ளிக்கொண்டு போனார். ஓர் ஓரத்தில் யாரோ ஊசி மருந்துப் பெட்டி ஒன்றைக் குளிர்ச்சிக்காகச் செருகி வைத்திருந்தார்கள். நானும் டம்ளரை நிரப்பிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன்.

வாசலிலேயே நர்ஸ் ஒருவர் தடுத்தார். "பாய், அந்த ஐஸ வாயில போட்டுடாதீங்க. வீட்ல தண்ணிய கொதிக்க வச்சு, ஆற வச்சு, மூடி வச்சு செஞ்ச ஐஸா இருந்தா மட்டும் குடுங்க. அவருக்கு இப்ப ரத்தத்துல எதிர்ப்பு சக்தியே கெடையாது" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. எந்தத் தண்ணீரில் ஒளூ கூடும், எதில் கூடாது என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அந்த ஐஸைப் பார்த்தபோது அது வெறும் தண்ணீர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உறைந்துவிட்ட ஒன்றில் என்ன அசுத்தம் இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன், படித்தேன். தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களோடும் ஜமாஅத்துகளோடும் பகிர்ந்துகொள்வது அவசியம் என்று பட்டது. காரணம், மருத்துவமனைகளுக்குக் குளிர்நீர் இயந்திரங்களை அன்பளிப்பாகக் கொடுப்பதில் நம் சமுதாயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

குளிர் கிருமியைக் கொல்வதில்லை

"ஐஸ் ஆகிவிட்டால் கிருமி செத்துவிடும்" என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. உறையும்போது சில கிருமிகள் சாகும், பல உறங்கிவிடும். உருகியதும் மறுபடி விழித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடங்களில் கிருமிகளைப் பல ஆண்டுகள் கெடாமல் பாதுகாப்பதே உறைய வைத்துத்தான். ஆகவே தண்ணீர் எப்படியோ ஐஸும் அப்படியே.

ஐஸ் இயந்திரத்துக்குள் கிருமி போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்னதுபோல மனிதரின் கை. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத வழி. மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக வடிகட்டிக்குப் போய், அங்கிருந்து குளிர்தட்டுக்குப் போகிறது. அந்தக் குழாயில் இரவெல்லாம் தண்ணீர் அசையாமல் நிற்கும். இயந்திரம் ஐஸ் உண்டாக்கும்போது பின்பக்கம் வெப்பத்தை வெளியே தள்ளுமல்லவா, அந்த வெப்பம் குழாயில் நிற்கும் தண்ணீரையும் வெதுவெதுப்பாக்கும். குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் ஒன்று படியும். சில நாள் கழுவாத குடத்தின் உள்ளே தடவினால் கைக்கு வழுக்குமே, அதே போன்றதுதான். அந்தப் படலத்துக்குள் கிருமிகள் குடும்பம் குடும்பமாக வாழும். மேலே தண்ணீர் ஓடினாலும் அவை அடித்துக்கொண்டு போவதில்லை.

சூடோமோனாஸ், லெஜியோனெல்லா, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான சிலவகை மைக்கோபாக்டீரியாக்கள் ஆகியவை இப்படித் தண்ணீரில் வாழ்பவை. உடல்நலம் உள்ளவர் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மருத்துவமனையில் ஐஸ் கேட்பவர் யார்? கீமோ எடுப்பவர், அறுவை சிகிச்சை முடிந்து தொண்டை வறண்டு கிடப்பவர், சரியாக விழுங்க முடியாதவர். விழுங்க முடியாதவரின் வாயில் கரையும் ஐஸ் நீரில் ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் வழிதவறிப் போனாலும் கிருமி நேராக நுரையீரலில் போய் உட்காரும். ஐஸ் இயந்திரத்திலிருந்து மருத்துவமனை நோயாளிகளுக்கு லெஜியோனெல்லா நிமோனியா வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

பாஸ்டனில் நடந்தது

இது ஏதோ ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை உலகின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 பேருக்கு மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்ற அரிய கிருமித் தொற்று வந்தது. அவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள்.

அறுவை அரங்கு, கருவிகள் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், அந்த வார்டில் இருந்த ஐஸ் மற்றும் குடிநீர் இயந்திரங்கள். நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை என்று மரபணுச் சோதனை காட்டியது. அதே இனக் கிருமி அந்த இயந்திரங்களின் நீரிலும் இருந்தது. 2023-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ ஏட்டில் அந்த மருத்துவர்களே இதை வெளியிட்டார்கள். தங்கள் குறையைத் தாங்களே உலகறியச் சொன்ன நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது காரணத்தைத்தான். அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீரைக் கூடுதலாகச் சுத்தம் செய்து தருவதற்காகக் கரி வடிகட்டியும் புறஊதாக் கதிர் விளக்கும் கொண்ட அமைப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது சுவையையும் வாடையையும் சரிசெய்தது. கூடவே, நகராட்சித் தண்ணீரில் இருந்த குளோரினையும் எடுத்துவிட்டது. வடிகட்டியைத் தாண்டியபின் தண்ணீருக்குக் காவல் இல்லை. அதற்கப்பால் இருந்த குழாய்களிலும் இயந்திரங்களிலும் கிருமி நிம்மதியாகப் பெருகியது. அந்த அமைப்பு இல்லாத பக்கத்துக் கட்டடத்தின் குடிநீரில் குளோரின் இருந்தது.

பிறகு அந்த அமைப்பை நிறுத்தினார்கள். இதய நோயாளிகளுக்குக் கிருமிநீக்கிய நீரைக் கொடுத்தார்கள். இயந்திரங்களைப் பராமரிப்பதைக் கூட்டினார்கள். அதன்பின் புதிய தொற்று வரவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த ஒரு சுத்திகரிப்பு, பின்தொடரும் கவனிப்பு இல்லாததால் உயிர்களுக்கு ஆபத்தாக முடிந்தது.

நம் பக்கத்து நிலைமை

மணியாச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1911-இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ரயில் நிலையம் நினைவுக்கு வரும். இங்கே வாழ்பவர்களுக்கு முதல் கவலை தண்ணீர்தான். கரிசல் மண், குறைந்த மழை, ஆழ்குழாயில் உப்புத் தண்ணீர். ஆற்று நீர் குழாயில் வரும் நாளில் பிடித்து, சின்டெக்ஸ் டேங்கில் நிரப்பி, அடுத்த முறை வரும்வரை வைத்துக்கொள்கிறோம். சித்திரை வெயிலில் அந்த டேங்க் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று நமக்குத் தெரியும். லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் விரும்பிப் பெருகும் சூடு 25 முதல் 45 டிகிரி வரை. நம் மாடித் தொட்டிகள் ஆண்டின் பெரும்பகுதி அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. உப்பு நீர் இயந்திரத்துக்குள் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவும் கிருமிப் படலம் பற்றிக்கொள்ள வசதியான சொரசொரப்பைத் தருகிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் ஐஸ் இயந்திரத்தைவிட ஆர்.ஓ. வசதியுடன் கூடிய குளிர்நீர் இயந்திரமே அதிகம் கண்ணில் படும். பாஸ்டனின் பாடம் இதற்கும் அப்படியே பொருந்தும். ஆர்.ஓ. சவ்வை குளோரின் கெடுத்துவிடும் என்பதால் அதற்கு முன்னால் கரி வடிகட்டி வைத்து குளோரினை எடுத்துவிடுவார்கள். அதன்பின் தண்ணீர் இயந்திரத்தின் தொட்டியில் காவல் இல்லாமல் நிற்கிறது. வடிகட்டியைக் காலத்தில் மாற்றாமல், தொட்டியைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012) குளோரின் கலந்த நீரில், அருந்துபவரிடம் வந்து சேரும்போது, லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லி நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. குழாய்த் தண்ணீரில் லேசாக வாடை அடித்தால் நாம் முகம் சுளிக்கிறோம். அந்த வாடை, காவல் இருக்கிறது என்பதன் அடையாளம்.

காவல் தவறினால் என்ன நடக்கும் என்பதை 2022 ஜூலையில் காரைக்காலில் கண்டோம். வயிற்றுப்போக்கோடு மக்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். காலரா உறுதியானது. புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. நம் சொந்தபந்தங்கள் நிறைய வாழும் ஊர் அது. குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிக்கும் அதே நாளில், அதே தண்ணீரில் செய்த ஐஸையும் கொட்டிவிட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, சர்பத்தில் கடை ஐஸைப் போட்டால் காய்ச்சியதில் அர்த்தமே இல்லை.

ஆஸ்பத்திரி ஐஸ் வேண்டாம் என்று எதிரே உள்ள ஜூஸ் கடைக்கு ஓடுவதும் தீர்வு அல்ல. கோணிச் சாக்கில் சுற்றித் தரையில் வைத்து உடைக்கும் பார் ஐஸ் எந்தத் தண்ணீரில் ஆனது என்று கடைக்காரருக்கே தெரியாது. தூத்துக்குடி போன்ற மீன்பிடித் துறைமுக ஊர்களில் மீனுக்கென்றே டன் கணக்கில் ஐஸ் தயாராகிறது. உண்ணத் தகாத ஐஸ் உணவுக் கடைகளுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, அதில் அடையாளமாக நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவுறுத்தியது. லேசான நீலம் தெரியும் ஐஸ் சாப்பிடுவதற்கு அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நீலம் இல்லாததாலேயே அது நல்ல ஐஸ் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

கல்வெட்டில் பெயர், வடிகட்டியில் பாசி

மாமாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பின், வேறொரு மருத்துவமனையில் ஒரு குளிர்நீர் இயந்திரத்தைப் பார்த்தேன். எங்கள் பகுதிக் குடும்பம் ஒன்று மறைந்த பெற்றோரின் பெயரால் கொடுத்தது. பெயர் பொறித்த கல்வெட்டு பளபளவென்று இருந்தது. குழாயின் கீழே தண்ணீர் சொட்டும் தட்டில் பச்சைப் பாசி. வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டேன். "அது நன்கொடையா வந்த மிஷின், எங்க கணக்குல இல்ல" என்றார் ஒருவர். கொடுத்த குடும்பத்தைக் கேட்டேன். "ஆஸ்பத்திரிதானே பாத்துக்கணும்? நாங்க தர்மம் பண்ணுனதுல குறை சொல்றீங்களா ஹஜரத்?" என்று வருத்தப்பட்டார்கள்.

அவர்களுடைய நிய்யத்தில் எந்தக் குறையும் இல்லை. தன் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தண்ணீரைத்தான் சொன்னார்கள் என்பது நாம் மேடைதோறும் சொல்லும் செய்தி. அதைக் கேட்டுத்தான் அந்தக் குடும்பம் இயந்திரம் வாங்கிக் கொடுத்தது. குறை எங்களைப் போன்ற ஆலிம்களிடம் இருக்கிறது. பாதியைச் சொன்னோம், மீதியைச் சொல்லவில்லை.

அந்த மீதி நம் ஃபிக்ஹு நூல்களிலேயே இருக்கிறது. வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு எது? அந்தச் சொத்தைப் பழுதுபார்த்துப் பராமரிப்பதுதான். வக்ஃபு செய்தவர் அப்படி நிபந்தனை விதிக்காவிட்டாலும் அதுவே சட்டம் என்று ஹனஃபி சட்ட அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பயனாளிகளுக்குப் பங்கு அதற்குப் பிறகுதான். ஒரு பொருள் நிலைத்து நன்மை தர வேண்டும் என்றால் அதைக் காக்கும் வழியும் கூடவே வர வேண்டும் என்பது இதன் உட்பொருள். குளிர்நீர் இயந்திரம் சட்டப்படி வக்ஃபு சொத்தா இல்லையா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நிலையான தர்மம் என்று பெயர் சொல்லிக் கொடுக்கும் எதற்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். பராமரிப்புக்கு வழி செய்யாமல் கொடுத்த இயந்திரம் சில ஆண்டுகளில் தர்மமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. பலவீனமான நோயாளிக்குத் தீங்காகவும் மாறலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நிறம், சுவை, வாடை மாறாத நீர் தூய்மையானது என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். நீரின் அளவு போன்ற நிபந்தனைகளோடு வரும் அந்தச் சட்டம் ஒளூ, குளிப்பு போன்றவற்றுக்கான அளவுகோல். நோயாளி குடிக்கலாமா என்பதற்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. பாஸ்டன் தண்ணீரிலும் நிறமோ வாடையோ இல்லை. தீங்கு தருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தீங்கு தரும் என்று அவர் சொன்னால் அதைத் தவிர்ப்பது மார்க்கக் கடமை.

என்ன செய்யலாம்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-இல் வெளியிட்ட மருத்துவமனைச் சூழல் வழிகாட்டியில் ஐஸ் இயந்திரத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு கிடையாது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை:

1. ஐஸைக் கையால் அள்ளக் கூடாது. அள்ளும் கரண்டியை ஐஸுக்குள் போடாமல், தரையைத் தொடாத அளவு சங்கிலியில் கட்டியோ சுத்தமான இடத்திலோ வைத்து, தவறாமல் கழுவ வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஐஸ் தானே விழும் இயந்திரம் இன்னும் நல்லது.

2. குடிப்பதற்கான ஐஸில் மருந்து, ஊசி, சாப்பாட்டுப் பொருள் எதையும் குளிரவைக்கக் கூடாது.

3. குறித்த காலத்தில் இயந்திரத்தை நிறுத்தி, இருக்கும் ஐஸைக் கொட்டி, சோப்புக் கரைசலால் கழுவி, பிறகு குளோரின் கரைசலை உள்ளே ஓடவிட வேண்டும். 100 பி.பி.எம். அளவு என்றால் 2 மணி நேரம், 50 பி.பி.எம். என்றால் 4 மணி நேரம். அதன்பின் நல்ல தண்ணீரால் அலசி உலரவிட வேண்டும்.

4. இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் இடையே காற்று இடைவெளி வேண்டும். சாக்கடை நீர் எதிர்த்து ஏற இடம் தரக் கூடாது.

5. குடிநீர்க் குழாய் உடைந்தோ, கழிவுநீர் கலந்தோ தண்ணீர் சந்தேகத்துக்கு உள்ளானால் ஐஸ் இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும்.

6. எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளிகளுக்குத் தனியாகப் பாதுகாப்பான நீரும் ஐஸும் வேண்டும்.

இவற்றைக் கேட்டு வாங்க நமக்கு வழி இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு உண்டு. அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்கும் தொற்றுத் தடுப்புக்கும் மதிப்பெண் போட்டுப் பரிசளிக்கும் காயகல்ப் திட்டத்தை மத்திய அரசு 2015-இல் தொடங்கியது. ஐஸ், குடிநீர் இயந்திரங்களும் அந்தக் கண்காணிப்புக்குள் வர வேண்டும் என்று ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். சண்டை போடத் தேவையில்லை. அங்கே வேலை செய்கிறவர்களும் ஆள் பற்றாக்குறையோடுதான் ஓடுகிறார்கள். என் மாமாவைக் காப்பாற்றியதும் அவர்களில் ஒருவரான அந்த நர்ஸ்தான்.

ஜமாஅத்துகளும் நன்கொடையாளர்களும் செய்ய வேண்டியவை:

1. இயந்திரம் கொடுக்கும் முன் அதன் விலையோடு குறைந்தது சில ஆண்டுகளுக்கான வடிகட்டி, சர்வீஸ் செலவையும் சேர்த்து ஒதுக்குங்கள். அதற்குப் பணம் போதாது என்றால் இரண்டு இயந்திரத்துக்குப் பதில் ஒன்று கொடுங்கள்.

2. யார் கழுவுவது, யார் வடிகட்டி மாற்றுவது என்பதை மருத்துவமனையோடு எழுதி வாங்குங்கள். கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே கடைசியாகச் சுத்தம் செய்த தேதியை எழுதும் அட்டை தொங்கட்டும்.

3. ஜமாஅத்தில் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கி மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம்.

4. ஏற்கெனவே கொடுத்த இயந்திரங்களின் பட்டியல் ஒன்று எடுங்கள். சரிசெய்ய முடியாதது இருந்தால் அகற்றிவிடுங்கள். மனவருத்தம் வேண்டாம்.

குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியது இன்னும் எளிது. நோயாளிக்கு ஐஸ் கொடுக்கும் முன் டாக்டரையோ நர்ஸையோ கேளுங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் ஐஸ் செய்யுங்கள். ஃப்ரீசரில் இறைச்சிக்கும் மீனுக்கும் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டுச் சுத்தமான கரண்டியால் எடுங்கள். மிஞ்சி உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விடக் கூடாது, இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும், குடிக்கும் பாத்திரத்தில் மூச்சு விடக் கூடாது என்றெல்லாம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்த ஐஸ் பெட்டிக்கு முன்னால் நான் நின்றபோது அதன் மூடி திறந்து கிடந்தது, கைகள் உள்ளே போயின. எனக்கு ஹதீஸ் ஞாபகம் இருந்தது, கண் முன்னால் இருந்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

எங்கள் ஊர்க் குடும்பத்தோடு மறுபடி உட்கார்ந்து பேசினேன். வக்ஃபுச் சட்டத்தை விளக்கியதும் மூத்த மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அத்தாவுக்கு இன்னும் நன்மை போய்க்கிட்டு இருக்கணும்னா வருஷா வருஷம் நாங்க பாத்துக்கணும், அதானே ஹஜரத்?" என்று கேட்டார். அதேதான். இப்போது அந்த இயந்திரத்தின் பக்கத்தில் தேதி எழுதிய அட்டை தொங்குகிறது.

மாமா சிகிச்சை முடிந்து அல்லாஹ்வின் உதவியால் வீட்டில் இருக்கிறார். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் நற்சுகம் தருவானாக. நாம் கொடுக்கும் தண்ணீர் குடிப்பவருக்கு ஷிஃபாவாகவே இருக்க அருள்வானாக, ஆமீன்.